கரடியின் வாய்க்கு வெள்ளைத்தாள்

அந்த நூலகத்தில் சனிக்கிழமைக் கதை நேரத்துக்குப் படப் புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு குழு உண்டு. குழு என்றால் மூன்று பேர்: தலைமை நூலகர், பணி ஓய்வு பெற்ற பல் டாக்டர், குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கதை டீச்சர். வாண்டுகளுக்குப் புத்தகம் எடுக்கிற வேலைதான். ஆனால் இவர்கள் உட்காரும் தோரணையைப் பார்த்தால் ஏதோ கொலை வழக்கில் தீர்ப்பு எழுதப் போகிறார்கள் என்று தோன்றும்.

தலைமை நூலகருக்கு எந்தப் புத்தகத்தையும் வேண்டாம் என்று தள்ள மனசு வராது. அதற்குப் பதிலாக அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஆட்சேபம் உள்ள பக்கத்தின் மேல் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டிவிடுவது. புத்தகமும் தப்பித்தது, பிள்ளைகளும் தப்பித்தார்கள் என்பது அவர் நினைப்பு. முயல் அம்மாவிடம் சொல்லாமல் வெளியே போகிறதா, ஒட்டு. பூனை பாலைத் திருடுகிறதா, ஒட்டு. பல் டாக்டர் தன் பங்குக்குக் கேக், மிட்டாய், தேன் எங்கே கண்டாலும் ஒட்டச் சொல்லுவார். போன மாதம் ஒரு பிறந்தநாள் கதை இவர்கள் கையில் சிக்கியது. ஒட்டி முடித்தபோது அதில் மிஞ்சியது பலூன் ஊதும் ஒரு மாமாவும் பின்னட்டையும்தான். அந்த மாமாவையும் டாக்டர் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

இந்தச் சனிக்கிழமைக் கதையைத் தானே வாசிப்பதாகத் தலைமை நூலகர் அறிவித்தார். காரணம் எல்லாருக்கும் தெரியும்: அவருடைய பேத்தி. நாலு வயது. மகள் வெளியூரிலிருந்து இப்போதுதான் இங்கே குடிவந்திருக்கிறாள். அந்தக் குட்டி பக்கத்து வீட்டுக்காரர் மடியில் ஏறும், தபால்காரர் தோளில் ஏறும், இவரைக் கண்டால் மட்டும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பொம்மை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். முகத்தைக் குரங்கு மாதிரி கோணிக் காட்டியும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. மனுஷருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கதை சொன்னாலாவது கிட்டே வருவாள் என்று நம்பினார்.

கதை டீச்சர் எடுத்து வைத்தது ஒரு கரடிக் கதை. தூக்கம் வராத கரடி ஒன்று வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும். கடைசியில் இரண்டு பக்கம் நிறையப் பிளந்த வாயோடு அந்தக் கரடி. பேத்தி அதைப் பார்த்து அலறிவிட்டால் என்ன ஆவது? இந்த ஜென்மத்தில் கிட்டே வரமாட்டாள். தலைமை நூலகர் பசையை எடுத்துவிட்டார்.

"சார், அது கொட்டாவி விடுது," என்றாள் கதை டீச்சர்.

"கொட்டாவியோ கிட்டாவியோ, பல்லு தெரியுதுல்ல?"

பல்லில் மஞ்சள் கறை வேறு இருப்பதாக டாக்டர் சொன்னார். அதோடு விவாதம் முடிந்தது.

சனிக்கிழமை பாய் நிறையப் பிள்ளைகள். பேத்தி கடைசி வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, தலைமை நூலகர் நன்றாகவே வாசித்தார். கரடி பேசும் இடத்தில் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார். கரடி கடைசிக் கதவைத் தட்டியதும் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளைத்தாள்.

"உள்ள என்ன இருக்கு?" என்று ஒரு பையன் கேட்டான்.

ஒன்றுமில்லை என்றார் இவர். ஒன்றுமில்லாததற்கா ஒட்டுவார்கள்? பிள்ளைகளை என்னவென்று நினைத்தாரோ. கதவைத் திறந்தவரைக் கரடி தின்றுவிட்டது, அதைத்தான் மறைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பையன் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னான். அவரை இல்லை, அவர் பாப்பாவை என்றாள் அவள். பேச்சு பின்வரிசை போய்ச் சேர்வதற்குள் கரடி ஒரு குடும்பத்தையே தின்று முடித்திருந்தது. முன்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, அப்புறம் எல்லாக் குழந்தைகளும். அம்மாக்கள் எழுந்துவிட்டார்கள். பல் டாக்டர் நைசாகக் கதவுப் பக்கம் நழுவினார்.

பேத்தி மட்டும் அழவில்லை. அம்மாவின் கையை விட்டுவிட்டு நேராக நடந்து வந்தாள். தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, சர்ரென்று இழுத்தாள். உள்ளே கரடி தலையணையைக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அழுகைச் சத்தம் மெல்ல அடங்கியது. ஒரு வாண்டு தானும் கொட்டாவி விட்டது.

அவள் கரடியைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே அவர் மடியில் ஏறி உட்கார்ந்து அவர் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"இதுக்கா பயந்து மூடி வச்சீங்க? பயப்படாதீங்க தாத்தா. நான் கூட இருக்கேன்ல."

அறையே சிரித்தது. கதை டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைமை நூலகர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கென்ன பயம், உனக்காகத்தானே ஒட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இவள் மடியிலிருந்து இறங்கிவிடுவாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஆமாம்மா," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்கு ரொம்பப் பயம்."

அவள் அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.