செபத்தின் மறுபாதி

தங்கம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று தலைச்சோலைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மகன் ஸ்டெபின் செத்ததிலிருந்து எந்த வீட்டில் செபமாலை என்றாலும் முன்னால் போய் உட்கார்ந்து அவள்தான் தொடங்கி வைப்பாள். பக்தியாவது, மண்ணாவது! பரலோக மந்திரத்தில் முதல் பாதியைத் தொடங்குகிறவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வது செபமாலை வழக்கம். தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல் எங்களையும் மன்னியும் என்கிற வரி அந்த மறுபாதியில் வருகிறது. தொடங்குகிறவள் அதைச் சொல்ல வேண்டியதில்லை. பூசையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது அந்த இடத்தில் மட்டும் வாயை இறுக்கிக்கொள்வாள். மன்னிக்காதவள் மன்னித்தேன் என்று சாமியிடம் எப்படிப் பொய் சொல்வாள்?

மன்னிக்கிற காரியமா அது? ஈரத்தில் ஏற வேண்டாம் என்று பையன் சொல்லியும், சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஸ்டெபினை ஏற்றிவிட்டவன் எஸ்டேட்டில் கணக்கெழுதி ஆட்களை வேலை ஏவும் ரைட்டர் ரொனால்ட். இவர்கள் கோயிலுக்கே பூசைக்கு வருகிறவன்தான். ஏணி வழுக்கி விழுந்தபோது பையனுக்கு மூச்சு இருந்தது. முதலாளியின் விருந்தாளிகளை அழைத்துவர ஜீப் போக வேண்டும் என்று ரொனால்ட் கையை விரித்துவிட்டான். வேறு வண்டி பிடித்துச் சேலத்துக்கு இறங்குவதற்குள் பாதையிலேயே பையன் போய்விட்டான். அதோடு விட்டானா? குடித்துவிட்டு மரம் ஏறினான் என்று போலீசில் வாய் கூசாமல் சொன்னான். பீடி வாசனைகூட ஆகாத பிள்ளை அது. இன்றைக்கும் ஏற்காடு கடைவீதியில் ஸ்டெபின் என்றால் குடிகாரன்தான்.

அந்த ரொனால்டுக்குத் தொண்டையில் புற்று வந்தது. மழை விடாத ஒரு சாயங்காலம் அவன் மனைவி பிலோமினா நனைந்துகொண்டு வந்து தங்கம்மாவின் வாசலில் நின்றாள். கோயில் சாமியார் காலையிலேயே வந்து, சாகக் கிடப்பவர்களுக்குச் செபித்து எண்ணெய் பூசும் நோயில்பூசுதலை முடித்துவிட்டுப் போய்விட்டாராம். "உங்களத்தான் கேக்கறாருங்கக்கா. ஊட்டுக்கு ஒருக்கா வந்து செபஞ் சொல்லிட்டுப் போங்க," என்றாள். தங்கம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செபிக்கவா போனாள்? அவன் துடிக்கிறதைக் கண்ணாரப் பார்க்கப் போனாள்.

பார்த்தாள். கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தான்; பிலோமினா தலைமாட்டில் நின்றாள். நன்றாக வேண்டும் என்று அவள் வயிறு குளிர்ந்தது. வழக்கப்படி அவள் வாயெடுப்பதற்குள், ரொனால்ட் கரகரத்த குரலில் பரலோக மந்திரத்தைத் தானே தொடங்கிவிட்டான். விக்கி விக்கி முதல் பாதியை முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். தங்கம்மா வாய் திறக்கவில்லை. 'ஏ தங்கம்மா' என்றே விரட்டிப் பழகியவன் அன்றைக்கு அக்கா என்றான்.

"ஜீப்பு சும்மாதான் நின்னுதுங்கக்கா. புது சீட்டு, ரத்தமாயிருமேன்னு... தம்பி குடிக்கலைங்க."

தங்கம்மா எழுந்துவிட்டாள். சீட்டுக்காகவா? ஒரு சீட்டுக்காகவா என் பிள்ளை போனான்? அந்தக் கழுத்தை நெரிக்க இரண்டு விரல் போதும் என்று அவள் கை பரபரத்தது. சுவரில் பாடுபட்ட சுரூபம், சிலுவையும் ஆணியுமாகத் தொங்கியது. அதைப் பார்த்துச் சண்டைக்கு நின்றாள்.

"எனக்கு மனசு வல்ல சாமி. எங்கிட்ட இல்லாதத எங்கிருந்து குடுப்பேன்? நீயே குடு."

தகரக் கூரையில் மழைதான் கொட்டியது. சுரூபத்தின் கையிலிருந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலி ஆறின பிறகா அவர் மன்னித்தார்? ஆணி உள்ளே இருக்கும்போதே அல்லவா மன்னித்தார்! தங்கம்மா உட்கார்ந்து மறுபாதியைத் தொடங்கினாள். அந்த வரி வந்ததும் நாக்கு எழவில்லை. திரும்ப முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை சொல்லி முடித்துவிட்டாள்.

மன்னித்துவிட்டீர்களா என்று அவன் கண்ணீரோடு கேட்டான்.

"வாயில சொல்லிட்டேன். மனசு இன்னும் ஆறல. நாளைக்கு வந்து மறுக்காச் சொல்றேன்."

மறுநாள் விடிந்ததும் அவள் போனபோது அவன் செத்திருந்தான். சொந்தக்காரர்கள் சேலத்திலிருந்து இன்னும் ஏறி வரவில்லை. பிலோமினா தனியாக வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். தங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துணியை நனைத்தாள். அவன் முகத்தைத் துடைத்தாள், கையைத் துடைத்தாள். ஸ்டெபினை ஆஸ்பத்திரியில் அறுத்து, துணியில் சுற்றித் தைத்துத்தான் கொடுத்தார்கள். பெற்றவள் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் அவன் மேல் விழவில்லை. பாவி, எனக்கு அதுகூட வாய்க்காமல் செய்துவிட்டானே என்று கோபம் திரும்பவும் தலைக்கேறியது. அந்த வரியை வாய்க்குள்ளேயே சொன்னாள், துடைத்தாள். மறுபடி சொன்னாள். அழுகை பீறிட்டு வந்தது.

பிலோமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து அவரு சொன்னத வெளிய சொல்லிறாதீங்கக்கா. எம்புள்ளைங்க தல நிமிந்து நடக்கோணும்."

தங்கம்மா ஈரத்துணியைப் பிழிந்து வைத்தாள். பிறகு மூக்கைச் சிந்திப்போட்டுவிட்டுச் சொன்னாள்.

"உம்புருசன் மேல எனக்கு வழக்கில்ல புள்ள. அத சாமிகிட்ட உட்டுட்டேன். ஆனா எம்பையன் குடிகாரனில்ல. அத நான் ஊருக்குச் சொல்லுவேன், நீயும் பக்கத்துல நின்னு சொல்லோணும். இப்ப போயி இன்னுங் கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா. காலு பாக்கி இருக்குது."