கன்னி மூலைக் குழாய்

கருத்தக்கண்ணன் ஐந்து மணிக்கு எழுந்தான். பல் விளக்கினான். முகம் மழித்தான். நேற்றுத் துவைத்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். கிளப்புக் கடையில் நாலு இட்லி தின்றான். மனைவி காய்ச்சலில் போய்ப் பதினோரு மாதம். மூன்று நாள் இரவு பகலாக விசிறினான். விசிறி காற்றை நகர்த்துமே தவிரக் குளிர்விக்காது. அதைப் படித்துப் பட்டமும் வாங்கியிருந்தான்.

நாற்பத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை. இப்போது அவனுக்குக் குளிர்சாதனக் கம்பெனியில் வேலை. பஞ்சு வியாபாரி விருமாண்டியின் மனைவி இருளாயி ஒன்பது நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். உடம்புச் சூடு இறங்காவிட்டால் கஷ்டம் என்றார் டாக்டர். விருமாண்டி மெட்ராசிலிருந்து இயந்திரத்தையே இறக்கிவிட்டார்.

அறைக்குள் ஒரு பெட்டி, கொல்லையில் ஒரு பெட்டி. இரண்டையும் இணைக்கும் செப்புக் குழாய் மேலே காற்றுச் சந்து வழியாகப் போயிற்று. சோப்பு நுரை தடவிப் பார்த்தான், கசிவில்லை. மிச்சம், உள்பெட்டியின் அடித்தட்டில் சொட்டிச் சேரும் தண்ணீரை வெளியேற்றும் குழாய். அது கொல்லைச் சுவரைத் துளைத்துப் போகவேண்டும். அந்த மூலை தென்மேற்கு.

“கன்னி மூலையில தண்ணி வெளிய போனா வீட்டுப் பொம்பளைக்கு ஆகாது தம்பி,” என்றார் விருமாண்டி.

“இப்ப மட்டும் ஆகுதாண்ணே?”

“எதுத்துப் பேசாத. ஈசானியத்துக்குக் கொண்டு போ.”

அவர் சொன்னபடியே கொத்தனார் சோணை அறையைச் சுற்றிக் குழாய் போட்டான். நடுவில் வாசல் நிலை வந்தது. குழாய் அதன்மேல் ஏறி இறங்கியது. தண்ணீர் சாஸ்திரம் பார்த்து ஏறும் என்று இருவரும் நம்பினார்கள். வாயு ஏறும், தண்ணீர் ஏறாது என்று கருத்தக்கண்ணன் சொன்னதற்கு, “அம்புட்டும் படிச்சவுக பேச்சு,” என்றான் சோணை.

அரைமணி ஓடியது. தட்டு நிரம்பி இருளாயியின் காலில் கொட்டியது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். அறை மறுபடி அடுப்பானது. அவள் பிதற்றத் தொடங்கினாள்.

“சோசியரக் கேட்டுட்டு வாரேன்,” என்று விருமாண்டி வில்வண்டியில் ஏறினார்.

ஓட்டை போட்டபின் அவள் செத்தால் பழி ஓட்டைக்கு. போடாமல் செத்தால் விதிக்கு. கருத்தக்கண்ணன் உளியை எடுத்தான்.

“நான் தொடமாட்டேன்ணே. அவரு வெட்டிப்புடுவாரு,” என்றான் சோணை.

“தொடாத. அந்தச் சட்டியப் பிடி, மண்ணு அவுக மேல விழாம.”

கன்னி மூலைச் சுவரைத் துளைத்து, சரிவு பார்த்துக் குழாயைச் சொருகினான். இயந்திரம் ஓடியது. கொல்லையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மூன்று மணிக்கு இருளாயிக்கு வேர்த்தது. பிறகு கண் திறந்தாள்.

கன்னி மூலையைத் தொடவே கூடாது என்ற தீர்ப்போடும் ஒரு தாயத்தோடும் விருமாண்டி திரும்பினார். மனைவி கஞ்சி கேட்டாள். தாயத்துக்கு நல்ல பெயர் வந்தது.

கண் திறந்ததும் இருளாயி “பேச்சியம்மா, தாயே!” என்று கையெடுத்துக் கும்பிட்டாள் என்று விருமாண்டி இன்றும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார். அப்போது அவர் சோசியர் வீட்டில் இருந்தார். அறையில் இருந்தவர்கள் கருத்தக்கண்ணனும் சோணையும். அவள் சுவரைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

“எந்தக் கட்டையில போறவன்டா எஞ் செவத்த ஒடைச்சது? பூசிட்டுப் போகச் சொல்லு.”