பனியோடு உறைந்தது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளைவின் படகுக்குள் கால் வைத்ததுமே ஹேசலுக்கு மூக்கு சுருங்கியது. ஈரக் கம்பளி, டீசல், என்றைக்கோ வறுத்த பன்றிக் கொழுப்பு மூன்றும் கலந்த வாடை. பழைய சாக்குக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் கால்வாய்களில் ஜனவரி மாதம் படகு ஓட்டுகிறவர்கள் குறைவு. வீடில்லாமல் படகிலேயே குடியிருப்பவர்கள் ஓட்டுவார்கள். இல்லாவிட்டால் கிளைவ் மாதிரிக் கிறுக்குப் பிடித்தவர்கள்.

"கோடையில எவன் வேணாலும் ஓட்டுவான் கண்ணு. குளிர்லதான் கால்வாய் நமக்கே நமக்குன்னு இருக்கும். ஒரு சனி ஞாயிறு வந்து பாரு. அப்புறம் வீட்டக் காலி பண்றதா வேணாமான்னு நீயே சொல்லு" என்று கிளைவ் அவளை அழைத்திருந்தான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு ஆண் தன்னைப் பார்த்து இப்படிக் கேட்பான் என்று ஹேசல் நினைத்திருக்கவில்லை. கோடையில் ஊர் மதுக்கடையில் பழக்கமானவன். நன்றாகப் பேசுவான், சிரிக்க வைப்பான். அவளுடைய வாடகை வீட்டை விட்டுவிட்டு வசந்தம் வந்ததும் படகுக்கே வந்துவிடும்படி கிறிஸ்துமஸிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தான். அவளும் முக்கால்வாசி சரி என்றுதான் இருந்தாள்.

அதனால் முதலில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஜன்னல் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூசணம். மெத்தையைத் தொட்டால் கை பிசுபிசுத்தது. கழுவுதொட்டியின் ஓட்டையில் அவன் தாடி மயிர் சுருண்டு கிடந்தது. வாணலியில் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, அதில் ஒரு ஈ இறக்கையை விரித்தபடி செத்துக் கிடந்தது.

"இதக் கழுவவே மாட்டியா நீ?"

"கழுவினா ருசி போயிடும்" என்று சொல்லி, ஈயை மட்டும் விரல் நகத்தால் சுண்டி எடுத்துவிட்டு அடுப்பில் வைத்தான்.

ஹேசல் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். பீ மூத்திரத்தைக் கண்டு முகம் சுளித்தால் அவள் பிழைப்பு ஓடாது. அழுக்குதானே, வெந்நீரும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்த்தால் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இரும்பு அடுப்பில் கரியை அள்ளிப் போட்டு, கைகளை நெருப்பில் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். கால்வாய் மேல் பனி தகடாகப் படிந்திருந்தது. படகின் மூக்கு அதைக் கிழித்துக்கொண்டு போனபோது, நீளம் முழுக்கக் கண்ணாடி நொறுங்குகிற சத்தம். கிளைவ் பின்பக்கம் சுக்கானைப் பிடித்து நின்றுகொண்டு, சின்னப் பையனைப் போலக் கூவினான். அவளுக்கும் அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. கரையோரப் புல்லெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. மூச்சு புகையாகப் போயிற்று.

ஒரு வளைவு தாண்டியதும் கரையில் ஒரு சின்னப் படகு கட்டியிருந்தது. கிளைவ் வேகத்தைக் குறைக்கவில்லை. உடைந்த பனித்துண்டுகள் சறுக்கிக்கொண்டு போய் அந்தப் படகின் வயிற்றில் கரகரவென்று உரசின. கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். ஒல்லியான உடம்பு, மேலே ரெண்டு சட்டை, அதற்கு மேலே ஒரு போர்வை.

"யோவ்! மெதுவாப் போய்யா! சாயமெல்லாம் உரிஞ்சு தகடு துருப்பிடிச்சுப் போகும்!"

"வணக்கம் தாத்தா! குளிரு ஜாஸ்தியா?" என்று கிளைவ் பல்லைக் காட்டிக் கையை ஆட்டினான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "வில்ஃப். படுத்த படுக்கையிலேயே மோண்டு வைக்கிற கிழம். இதுங்களால நம்ம கால்வாய்க்கே கெட்ட பேரு" என்றான்.

கொஞ்ச தூரத்தில், படகுக்கு வழிவிடப் பக்கவாட்டில் திருப்புகிற பாலம் ஒன்று பனியில் இறுகித் திறக்க மறுத்தது. கிளைவ் உதைத்துப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். முன்னால் போக வழியில்லை. பின்னோக்கியே ஓட்டிவந்து, வில்ஃபின் படகுக்கு முன்னால் ஒட்டினாற்போலக் கட்டினான்.

சாயங்காலம் அவன் கழிவறையிலிருந்து மலப்பெட்டியை இழுத்துக்கொண்டு போனதை ஹேசல் பார்த்தாள். அதைக் கொட்டுவதற்கென்று இருக்கிற இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். பெட்டியைச் சக்கரத்தில் வைத்துக் கரையோடு தள்ளிக்கொண்டு போனால் ஒரு நடை, அவ்வளவுதான். அவன் கரைக்கு எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்து, பெட்டியின் மூடியைத் திருகி, கால்வாய்க்குள் கவிழ்த்தான். களக் களக்கென்று கழிவறை மருந்தின் நீலத் திரவமும் மற்றதும் விழுந்தன.

"என்ன பண்ற நீ!"

"உஷ்! தண்ணிதான, கரைஞ்சு போயிடும். மீனுக்கும் ஒரு விருந்து" என்று கண்ணடித்தான்.

"அசிங்கமா இல்ல உனக்கு?"

"இந்தக் குளிர்ல அவ்வளவு தூரம் எவன் போவான்? பெரிய மகாராணி."

கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வந்து ரொட்டியை அறுக்க உட்கார்ந்தான். அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். சனிக்கிழமை மாலைக்குப் பிறகு ஞாயிறு மதியம்வரை அந்த ஊரில் பஸ் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே பேச்சுக்குரல் கேட்டு எழுந்தாள். இரவில் தண்ணீர் மறுபடி இறுகியிருந்தது. கிளைவ் கொட்டியது கரையவுமில்லை, போகவுமில்லை. ரெண்டு படகுக்கும் நடுவில் மிதந்து வந்து, காகிதமும் கட்டியுமாக அப்படியே பனிக்குள் உறைந்து கிடந்தது. சுற்றிலும் நீலக் கறை. வெயில் பட்டதில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

கரையில் ரெண்டு நாய்களோடு ஒரு பெண்மணி நின்றாள். அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்தின் செயலாளர் புருடென்ஸ். நாய்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இது யார் பண்ண வேலை?" என்று கேட்டாள்.

கிளைவ் கையில் காபியோடு படகின் மேல் நின்றுகொண்டிருந்தான். பெருமூச்சு விட்டு, வில்ஃபின் படகைத் தாடையால் காட்டினான். "பாவம் புரூ, விடுங்க. வயசானவரு."

வில்ஃப் ஒரு வாளியோடு வெளியே வந்தார். பனிக்குள் கிடப்பதைக் குனிந்து பார்த்தார்.

"நானா? நேத்து நான் பெட்டிய எடுத்தேனா? ஞாபகம் வரலையே... மழைக்காலத்துல ஒரு தடவ கை வழுக்கி..." அவர் குரல் உள்ளே போய்விட்டது. "மன்னிச்சுக்கங்கம்மா. இப்பவே அள்ளிடுறேன்."

"யாருக்கும் நடக்கறதுதான் தாத்தா" என்றான் கிளைவ், தேன் தடவிய குரலில். "ஆனா ஒண்ணு, இந்த நிலைமையில இனிமே தனியாப் படகுல இருக்கலாமான்னு யோசிங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஹேசலின் வாய்க்குள் புளித்த நீர் ஊறியது. ஈ விழுந்த வாணலிக்கும் வராத குமட்டல், பூசணத்துக்கும் வராத குமட்டல், அந்தக் குரலைக் கேட்டதும் வந்தது. எத்தனையோ கிழவர்களிடம் அவள் காட்டிய அதே கனிவு. அதை எடுத்து இவன் இப்படிப் பூசிக்கொண்டு நிற்கிறான்.

"அவர் இல்ல" என்றாள். "இவன்தான் கொட்டினான். நேத்து சாயங்காலம். நான் பார்த்தேன்."

"ஹேசல், என்ன கண்ணு உளர்ற..."

"கண்ணுங்காத. ஐயா, நீங்க வாளியக் கீழ வைங்க. உங்க பெட்டி இல்ல இது."

வில்ஃப் வாளியை விடவில்லை. ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜமாவா? நான் இல்லையா?" என்று ரெண்டு தடவை கேட்டார்.

"நீங்க இல்ல."

கரி அள்ளும் கரண்டியை உள்ளேயிருந்து கொண்டுவந்து கிளைவிடம் நீட்டினாள். "அள்ளு."

அவன் முகம் சிவந்தது. கரண்டியைத் தொடாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "கிறுக்கச்சி" என்று முனகியது எல்லோருக்கும் கேட்டது. புருடென்ஸ் கைபேசியை எடுத்துப் பனியைப் படம் பிடித்தாள். பிறகு அவன் படகில் எழுதியிருந்த பதிவு எண்ணையும் படம் பிடித்தாள்.

அள்ளியது ஹேசல்தான். வில்ஃப் குனிந்தால் விழுந்துவிடுவார், விட்டுவைத்தால் வெயிலில் இளகி அவர் படகின் அடியில் போய்ச் சேரும். பனியை உடைத்து உடைத்து வாளியில் போட்டு, புருடென்ஸ் ஒரு பக்கம் பிடிக்க, பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினாள். நாற்றம் அதிகமில்லை. குளிரில் எல்லாம் கல்லாகியிருந்தது. வேலையில் தினமும் செய்வதுதான். ஆனாலும் ஒவ்வொரு வாளிக்கும், மூடிய கதவுக்குப் பின்னால் அவன் ரொட்டியைச் சுட்டுத் தின்கிற வாசனை வந்து அவளைக் குமட்ட வைத்தது.

பையை எடுக்க உள்ளே போனபோது அவன் வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டான்: "ஊர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே. ஒரு கிழவன் ரெண்டு நாள் வருத்தப்பட்டா என்ன ஆயிடப் போகுது? நாளைக்கே மறந்துடுவான்."

அவன் தாடியில் வெண்ணெய் மினுங்கியது. அவள் பையை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினாள்.

வில்ஃப் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். இன்னொரு நாள் வருகிறேன் என்றாள். தொண்டைக்குள் எதுவும் இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, வெள்ளிக்கிழமை அவன் தன்னை முத்தமிட்டது நினைவுக்கு வந்தது. கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்தாள். போதவில்லை. எச்சில் தொட்டு மறுபடி துடைத்தாள். எதிர் சீட்டில் இருந்த பெண் பார்ப்பது தெரிந்தும், ஊர் வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.