அம்மாவின் பிடி

தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலையில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கயிறு அறுந்துவிட்டது என்று யார் பதறினாலும், "கயித்தைப் பாத்தீங்களா, சத்தத்தைக் கேட்டீங்களா?" என்பான். முக்கால்வாசிப் பேர் சத்தத்தைத்தான் கேட்டிருப்பார்கள். அறுந்ததாக நினைத்தது அவர்கள் பயம்.

மருத்துவமனைக்கு அவன் வேலையிலிருந்து நேராக வந்தான். கைகளில் கிரீஸ் வாசம். அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. நினைவு இனித் திரும்பாது, செயற்கை மூச்சை நிறுத்திவிடலாமா என்று டாக்டர் காலையில் கேட்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் சம்மதித்திருந்தார்கள். மதியம் அக்கா போன் செய்திருந்தாள். நிறுத்த வேண்டாம், உடனே வா என்றிருந்தாள்.

"என்ன நடந்துச்சு?" என்று கட்டிலருகில் நின்ற அக்காவிடம் கேட்டான்.

"அம்மா என்னை மன்னிச்சிட்டா."

"அது நடந்தது இல்லக்கா. நடந்ததைச் சொல்லு."

"நான் என்ன லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவளா? பெத்தவ இப்படிக் கிடக்கறப்பகூட உன் மெக்கானிக் புத்தி போகுதா பாரு."

அவன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அன்னிக்குத் தலை வலிக்குதுன்னு சொன்னாடா. உனக்கு எப்பதான் வலிக்கலன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப தரையில கிடந்தா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு உள்ளங்கையில விரலை வச்சு, மன்னிச்சிடும்மான்னேன். கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. உள்ள இருக்காடா. எப்படி நிறுத்தச் சொல்றது?"

"விரலை வச்சது முதல்லயா, பேசினது முதல்லயா?"

அக்கா யோசித்தாள். "விரல்."

"பேசாம ஒரு தடவை வச்சுப் பாக்கறியா?"

"மாட்டேன்."

அவன் கட்டில் ஓரத்தில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டினான். அக்கா அவன் மணிக்கட்டைப் பற்றினாள். "வேணாம்டா." பிறகு அவளே விட்டாள்.

துண்டு உள்ளங்கையில் பட்டது. அம்மாவின் விரல்கள் மெல்ல மூடின. அவன் இழுத்தான். பிடி இறுகியது.

அக்கா துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழுது எங்கன்னு கண்டுபிடிச்சிட்ட," என்றாள். "இப்ப சரி பண்ணு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா மன்னிக்கலைன்னு நான் சொல்லலக்கா. பிடிச்சதை வச்சு அதைச் சொல்ல முடியாதுன்னுதான்…"

"புரியுது. போதும்."

டாக்டர் வந்தபோது அக்காதான் பேசினாள். "நிறுத்திடுங்க டாக்டர். நேரத்தைக் கடத்திட்டேன்." நர்ஸை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

துண்டை உருவி எடுத்துவிட்டு, அக்கா தன் விரலை வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அம்மா பிடித்தாள். அக்கா குரல் வெளியே வராமல் அழுதாள்.

நர்ஸ் வந்து கட்டிலருகில் நின்றாள். அக்கா விரலை எடுக்கப் பார்த்தாள். இழுக்க இழுக்க இறுகியது.

"என்னால முடியலடா. நீ எடுத்துவிடு."

தம்பி சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தான். அக்காவின் விரல் வெளியே வந்தது. அவனுடையது உள்ளே அகப்பட்டது. அம்மா கெட்டியாகப் பிடித்தாள்.

ஏன் என்று அவனுக்குத் தெரியும்.

"நிறுத்தலாமா?" என்றாள் நர்ஸ்.

"கொஞ்சம் இருங்க," என்றான்.