அண்ணி சுமந்த பாற்குடம்

தைத்திங்கள் முழுநிலவு நாளின் காலையொளி சிராங்கூன் சாலையின் இருமருங்கும் தோய்ந்து, கடைகளில் குவிந்த முல்லைக்கும் செவ்வந்திக்கும் பொன்துகள் தூவிநிற்க, பெருமாள் கோயில் வாயிலினின்று புறப்பட்ட அடியவர் கூட்டம், மஞ்சளாடைகள் அலையலையாய்ப் புரள, வேல்முழக்கம் விண்ணை முட்ட, கரையுடைத்த புதுவெள்ளமென நகர்ந்துகொண்டிருந்தது. தமிழ்நலம் உணர்ந்தோரே, அவ்வெள்ளத்தின் ஓரமாய்த் தலையில் பாற்குடம் தாங்கித் தளர்நடை பயின்ற அறுபத்திரண்டு அகவையினரான பரமசிவத்தைச் சற்றே நோக்குவீர்.

செங்காங்கின் வானளாவிய அடுக்ககத்தில் வாழ்பவர் அவர். முப்பதாண்டு பேருந்து ஓட்டி அண்மையில் ஓய்வு பெற்றவர். பாற்குடம் எடுப்பது அவர்க்கு இதுவே முதன்முறை. அதனை ஏறத்தாழ ஐம்பதாண்டு சுமந்தவர் அவர்தம் அண்ணியார் கமலம். அவர் மறைந்து, துயர்காத்த ஓராண்டும் கழிந்தபின் வந்த முதற் பூசம் இது.

தாயை இழந்து ஒன்பது அகவைச் சிறுவனாய்ப் பரமசிவம் தேம்பிக்கிடந்த வீட்டில், அவன் அண்ணனைக் கைப்பிடித்த பத்தொன்பது அகவை மணமகளாய்க் காலடி வைத்தவர் கமலம். தாயின் இடத்தைப் பறிக்க வந்தவளென்று வெகுண்ட சிறுவன் அவர் பிசைந்த சோற்றைத் தள்ளினான். அவர் தைத்துத் தந்த பள்ளிச்சட்டையைக் கிழித்தான். அவரோ சினவாது கிழிசலைத் தைத்து மடித்து வைத்தார். அவன் உண்ணும்வரை தாமும் உண்ணாதிருந்தார். அவ்வாண்டே அவன் கொடுங்காய்ச்சலில் உணர்வற்றுக் கிடந்தபோது, "முருகா, இந்தப் பிள்ளைய எனக்குக் குடுத்துடு. என் காலு நடக்குற வரைக்கும் பால்குடம் எடுக்குறேன்," என்று கைகூப்பினார். சிறுவன் பிழைத்தான். மகள் சரஸ்வதியை வயிற்றில் சுமந்த ஆண்டும் அவர் நடந்தார். கணவரை இழந்த ஆண்டும் கொள்ளைநோய்க் காலமும் நீங்கலாக ஒரு பூசமும் தவறவில்லை.

பின்னாளில் ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் மீன் தேர்ந்து வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு, "எங்கடா இருக்க பரமு? பஸ்ஸ வழியில விட்டுட்டு நடந்து வர்றியா?" என்று தொலைபேசியில் நகைப்பார். அக்குரல் அடங்கியபின், ஞாயிறு நண்பகல்கள் பரமசிவத்துக்கு நீர்வற்றிய குளம்போல் வெறிச்சோடின.

ஊர்வலம் டோபி காட் சந்திப்பை எய்தியபோது பரமசிவம் நடை தளர்ந்து தள்ளாடினார். உடன்வந்த சரஸ்வதி அவரைத் தண்ணீர்ப்பந்தலின் நிழலில் தாங்கி நிறுத்தினாள்.

"குடத்த என்கிட்ட குடுங்க சித்தப்பா. நீங்க பின்னாடி மெதுவா வாங்க லா."

"வேணாம் சரஸு. அவங்க ஒரு தடவகூட யார்கிட்டயும் குடுத்ததில்ல."

சரஸ்வதி குரலைத் தாழ்த்தினாள். "யார் சொன்னா? கடைசி ஆறு தடவையும் பாதி வழிக்கு மேல நான்தான் தூக்கினேன். 'பரமுகிட்ட சொல்லாத, அவன் நிறுத்தச் சொல்லிடுவான்'னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

பூசந்தோறும் தாம் பேருந்தோட்டிக்கொண்டிருக்க, தமக்காக அண்ணியின் நோவுற்ற கால்கள் இவ்வழியே தடுமாறியதை எண்ணி அவர் உள்ளம் உலைமெழுகாய் உருகிற்று. அழுகையினூடே நகையும் அரும்பிற்று.

"நம்ம அம்மாவுக்கு அவ்ளோ பிடிவாதம்!" என்றார்.

ஐம்பதாண்டு அண்ணியென்றே அழைத்துப் பழகிய நா, 'அம்மா' என்னும் அச்சொல்லை எவரும் வேண்டாமலே ஈந்துவிட்டது. சரஸ்வதி அவர் கைகளினின்று குடத்தை ஏந்தித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். அவள் தோள்பற்றி அவர் நடந்தார்.

ஊர்வலம் சென்று நிறைந்த தெண்டாயுதபாணி கோயிலின் சந்நிதியில் பால் வெண்ணிற அருவியாய் வேலின்மேல் வழிந்தது. கண்மூடி நின்ற பரமசிவம் அமைதி வருமென்று காத்திருந்தார்; வந்ததோ, அண்ணியார் குரலை இன்னும் ஒருமுறை கேட்கவேண்டுமென்னும் வேட்கையே. நேர்த்திக்கடன் நிறைவுற்றது, நெஞ்சம் நிறைவுறவில்லை. பெறாமலே பெற்றோரானவரின் அன்புக்குக் கைம்மாறு செய்ய மாந்தர் புறப்படுங்கால், அவர்கள் பெரும்பாலும் எட்டாத்தொலைவு சென்றிருப்பர். அவர்பின் நாம் அனுப்ப வல்லது ஏக்கம் ஒன்றே.