நிழலைத் தேடி வந்தவர்கள்

கண்ணாடிக்கடைக்காரர் குடியை நிறுத்திய பதினோராம் நாள் மாலை ஆறு மணிக்கு, அவருடைய நிழல் அவரை விட்டுவிட்டுத் தனியாக மதுக்கடைக்குப் போனது. அப்போது அவர் ஒரு மூக்குக்கண்ணாடியில் சின்னத் திருகாணி ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தார். மேசைமேல் விழுந்திருந்த கையின் நிழல் மெல்ல நழுவித் தரையில் இறங்கி வாசலைத் தாண்டியது. அவர் தடுக்கவில்லை. அதற்கு முன் நான்கு முறை குடியை நிறுத்தியவர் அவர். நான்கு முறையும் பதினோராம் நாள் இதுதான் நடந்தது. நிழல் எட்டரை மணிக்குத் திரும்பி வரும், நிலைக்கதவில் இடித்துக்கொள்ளும், சுவரோரமாகச் சரிந்து கிடக்கும். மறுநாள் காலை, சொட்டுக்கூடக் குடிக்காத அவருக்குத் தலை வெடிக்கும். குடிக்காமலே வலிக்கிற தலை குடித்துவிட்டே வலிக்கட்டுமே என்று பன்னிரண்டாம் நாள் அவரும் நிழலின் பின்னாலேயே போய்விடுவார்.

அவர் மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தார். விலாசம் தவறிப் போன எதையும் உரிய இடத்தில் சேர்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அன்று வேலை முடிந்து கடைக்குள் நுழைந்தவர், கணவரின் நாற்காலிக்கு அடியில் வெறும் தரையைப் பார்த்தார்.

“ஏங்க, உங்க நிழல் எங்க?”

“வெளிய போயிருக்கு.”

“எங்கன்னு நான் கேக்கவே வேணாம். போய்க் கூட்டிட்டு வாங்க.”

“நான் போனா நானும் உக்காந்துருவேன்.”

“உள்ள போகாதீங்க. வாசல்லயே நில்லுங்க, வரும்.”

மதுக்கடை வாசலில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவிளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் எரிந்தது, காலடியில் நிழல் இல்லை.

“நீங்களும் நிழலத் தேடித்தான் வந்தீங்களா, சார்?” என்று அவர் கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை இன்னொரு மனிதர் தன்னிடம் கேட்பார் என்று கண்ணாடிக்கடைக்காரர் நினைத்ததே இல்லை. இருவரும் நின்றபடியே பேசினார்கள். டீச்சர் இருமல் மருந்து என்று சொல்லி வெந்நீர்க் குடுவையில் வைத்துக் குடித்ததைச் சொன்னார். இவர் கண்ணாடி துடைக்கும் திரவப் புட்டியில் ஒளித்துவைத்ததையும், ஒருநாள் அவசரத்தில் புட்டி மாறிச் சாராயத்தாலேயே ஒருவருடைய கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்ததையும் சொன்னார். அப்போது டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். இரண்டு வருடமாகத் தனக்கு எதிரில் இருப்பது சாய்ந்து தெரிவது குடியால்தான் என்று அவர் நம்பியிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இடது வில்லையும் வலது வில்லையும் இடம் மாற்றிப் பொருத்தியிருந்தது, பொருத்தியவர் அவரேதான். டீச்சர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சிரித்தார், இவரும் சிரித்தார். என்ன சிரிப்பு என்று பார்க்க வந்ததுபோல் இரண்டு நிழல்களும் ஏழு மணிக்கே தள்ளாடாமல் வெளியே வந்து, அவரவர் காலடியில் படுத்தன.

மறுநாள் ஆறு மணிக்கு இருவரும் கடையின் கண் பரிசோதனை அறையில், எழுத்து அட்டைக்குக் கீழே எதிரெதிராக உட்கார்ந்து பேசினார்கள். நிழல்கள் எழுந்தன, கதவு வரை போயின, யோசித்தன, திரும்பி வந்து சுவரில் உட்கார்ந்துகொண்டன. ஆறு மணிக் கூட்டம் இப்படித்தான் தொடங்கியது. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை. தபால்கார மனைவி டீ போட்டு வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

முதல் வருட முடிவில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் லாரி ஓட்டுநர். அவர் காதோடு ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் பதில் வரும். மூன்றாம் வருடம் இருபத்து மூன்று பேராகி, சைக்கிள் கிடங்கின் மாடிக்குக் கூட்டம் மாறியது. நடுவில் ஒரு விளக்கு, சுற்றி வட்டமாக நாற்காலிகள், நான்கு சுவரிலும் நிழல்கள். அவரவர் கதையை மட்டும்தான் சொல்ல வேண்டும், அறிவுரை கூடாது என்று ஒரு பழக்கம் தானாக வந்தது. யாராவது மறந்துபோய் அறிவுரை சொன்னால் அவருடைய நிழலே கொட்டாவி விட்டது.

நான்காம் வருடம் மதுக்கடை உரிமையாளர் மாடிப்படி ஏறி வந்தார். யார் யாருடைய நிழலோ வந்து மேசையைப் பிடித்துக்கொள்கிறது, எதுவும் வாங்குவதில்லை, பக்கத்து மேசைக் கிளாஸின் நிழலை உறிஞ்சிவிடுகிறது, கிளாஸ் நிறைந்திருந்தும் ருசி இல்லை என்று ஆட்கள் சண்டை போடுகிறார்கள் என்று முறையிட்டார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

“தனியா ஒரு நிழல் வந்தா, எங்கயோ ஒருத்தர் நிறுத்தணும்னு பாக்கறாருன்னு அர்த்தம். எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க. நாங்க வந்து பாத்துக்கறோம்.”

அன்று முதல் மதுக்கடைக்காரர் போன் செய்தார். தொப்பை பெரிசு, காதில் பென்சில், இடது கால் கொஞ்சம் இழுக்கிறது என்று அடையாளம் சொல்வார். எப்போதும் இரண்டு பேராகப் போய் நிழலின் சொந்தக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். காதில் பென்சில் வைத்த தச்சர் அப்படி வந்தவர்தான். ஆட்களை அனுப்பிவைத்ததில் மதுக்கடைக்காரரை மிஞ்ச இன்றுவரை யாரும் இல்லை.

எட்டாம் வருடம் ஒரு மாலை டீச்சர் பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“உங்க கண்ணாடிக்கடைக்காரர் இங்க இருக்காரு.”

“அவரு நிழல் இங்கதானே இருக்கு?” டீச்சர் சுவரைப் பார்த்தார். நிழல் வழக்கமான இடத்தில் இருந்தது. அதன் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது.

“நிழல் இல்ல டீச்சர். ஆளு.”

டீச்சரும் லாரி ஓட்டுநரும் போனார்கள். வாசலில் டீச்சரின் நிழல் ஒரு கணம் தயங்கியது. ஓட்டுநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் மூலை மேசையில் இருந்தார், இரண்டாவது கிளாஸ்.

“எட்டு வருஷம் போச்சே டீச்சர்,” என்றார்.

“எங்க போச்சு? அங்க சுவத்துல உக்காந்திருக்கு. நான் பாதிப் பேச்சுல எழுந்து வந்திருக்கேன். மிச்சத்தக் கேக்க நாளைக்கு வாங்க.”

ஓட்டுநர் தன்னால் முடிந்த தணிந்த குரலில் “எந்திரிங்கண்ணே” என்றார். மதுக்கடையே எழுந்து நின்றது.

மறுநாள் அவர் கதவோரத்தில், புதியவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கு இன்னிக்கு முதல் நாள்,” என்றார். யாரும் உச்சுக்கொட்டவில்லை, டீ கொடுத்தார்கள். நிழல் மட்டும் எதிர்ச் சுவரைவிட்டு அசையவில்லை. நாற்பது நாள் அவர் நிழல் இல்லாமல் தெருவில் நடந்தார், கடையில் கண்ணாடி விற்றார். வாடிக்கையாளர்கள் முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

“அதுக்குக் கோபம் இருக்காதா?” என்றார் மனைவி. “அது ஒழுங்கா கூட்டத்துக்குப் போச்சு. நீங்கதானே அந்தப் பக்கம் போனீங்க.”

நாற்பத்தொன்றாம் நாள், மதுக்கடைக்குப் போனதைப் பற்றி அவர் கூட்டத்தில் முதல்முறையாக வாய் திறந்தார். துக்கத்தில் குடிக்கவில்லை என்றார். அது ரொம்ப நல்ல நாள், எல்லோரும் தன்னைப் புகழ்ந்த நாள், இனி தனக்கு யாரும் தேவையில்லை என்று தோன்றிய நாள் என்றார். எதிர்ச் சுவரில் நிழல் எழுந்தது. தரையில் இறங்கி, உட்கார்ந்திருந்தவர்களின் செருப்புகளுக்கு இடையே வழி தேடியது.

“காலை மடக்குங்கப்பா, வழி விடுங்க,” என்றார் ஓட்டுநர்.

எல்லோரும் காலை மடக்கிக்கொண்டார்கள். நிழல் வந்து அவர் காலடியில் பொருந்தியது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அடுத்து யார் பேசறீங்க?”