ரெஜிஷா கட்டிய நட்சத்திரம்

புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போன ததேயுஸ் மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. துக்க வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவது அந்தக் கரையில் வழக்கமில்லை. அவன் மனைவி ரெஜிஷாவோ ஏணி போட்டு ஏறி வாசலில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஊரு என்ன சொல்லும்?” என்றாள் அடுத்த வீட்டு பிளாரன்ஸ்.

“அவரு செத்தாருன்னு ஆரு சொன்னா, அக்கா? சொன்னவன வரச்சொல்லுங்க, இறங்குதேன்.”

பிளாரன்ஸ் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் வந்த கரோல் கூட்டம், அவள் வீட்டருகே மேளத்தை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நடந்தது. ரெஜிஷா தெருவை மறித்து நின்றாள்.

“ஏலே கிறிஸ்துமஸ் தாத்தா, எங்க வீட்டுல ஆடாம எங்க போற? கேக்கு வெச்சிருக்கேன்.”

முகமூடிக்குள் தாத்தா திகைத்தார். பிளாரன்ஸ்தான் மேளக்காரனை அதட்டினாள்.

“என்னலே பாத்துட்டு நிக்க? அடி மக்கா, நல்லா ஒரக்க அடி!”